பின்சக்கரம் எந்த வழியில் வருகிறது? ஐரோப்பாவின் குறுகிய சாலைகளில் மூக்கில்லாத லாரிகள்

அமெரிக்காவில் ஓடும் டிரைலர் லாரியின் படத்தையும் ஐரோப்பாவில் ஓடும் டிரைலர் லாரியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் முகத்திலேயே தெரிந்துவிடும். அமெரிக்க லாரிக்கு நீளமான மூக்கு. அதற்குள் இன்ஜின், அதற்குப் பின்னால் டிரைவர். ஐரோப்பிய லாரிக்கு மூக்கே கிடையாது. முகம் தரையிலிருந்து நேராக எழுந்து நிற்கும். டிரைவர் இன்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருப்பார். இந்த அமைப்பைக் கேப்-ஓவர் என்பார்கள். டாடா, அசோக் லேலண்ட் லாரிகளிலும் இப்போது பெரும்பாலும் இதே முகம்தான் என்பதால் நமக்கு இது புதுமையாகத் தெரியாது.

ஐரோப்பாவில் ஏன் இப்படி என்று கேட்டால், "அங்கே ரோடு சின்னது, அதனால் லாரியும் சின்னது" என்று பலரும் சொல்வார்கள். இதில் முதல் பாதிதான் சரி. அமெரிக்காவில் டிரைலர் லாரியின் மொத்த எடைக்குப் பொதுவான உச்சவரம்பு 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 40 டன். பிரிட்டனில் ஆறு ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களை இணைக்கும் அச்சு) இருந்தால் 44 டன். ஆக, ஐரோப்பிய லாரி அதிகச் சுமையைக் குறைந்த நீளத்தில் அடக்கிக்கொண்டு, குதிரை வண்டிக் காலத்தில் போட்ட தெருக்களுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அது எப்படி முடிகிறது என்று புரிந்துகொள்ள இரண்டு கணக்கு தெரிந்தால் போதும். ஒன்று நீளக் கணக்கு, இன்னொன்று வட்டக் கணக்கு.

நீளக் கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தின் 96/53 என்ற விதி 1996-ல் வந்தது. இழுவை வண்டியும் அதன் மேல் பூட்டிய டிரைலரும் சேர்ந்து 16.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. அகலம் 2.55 மீட்டர், குளிர்சாதனப் பெட்டி என்றால் தடித்த சுவருக்காக 2.60. உயரம் 4 மீட்டர். இதில் கவனிக்க வேண்டியது, 16.5 என்பது முகத்திலிருந்து வால் வரைக்கும் சேர்த்து அளக்கும் நீளம்.

டிரைலரை இழுவை வண்டியோடு பூட்டும் இரும்பு முளைக்குக் கிங்பின் என்று பெயர். கிங்பின்னிலிருந்து டிரைலரின் வால் வரை அதிகபட்சம் 12 மீட்டர் இருக்கலாம். 16.5-ல் 12 போனால் மிச்சம் 4.5. கிங்பின்னுக்கு முன்னால் வருகிற எல்லாமே இந்த நாலரை மீட்டருக்குள் அடங்க வேண்டும். அதிலும் டிரைலரின் முன் மூலைகள் திருப்பத்தில் கிங்பின்னைச் சுற்றிச் சுழலும். அந்தச் சுழற்சிக்கு 2.04 மீட்டர் ஆரம் விட்டுவிட வேண்டும். அதையும் கழித்தால் கேபினுக்கு மிஞ்சுவது இரண்டரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த இடத்தில்தான் ஸ்டீயரிங், சீட்டு, அதன் பின்னால் டிரைவர் படுக்கும் கட்டில், கீழே 13 லிட்டர் இன்ஜின் எல்லாம் வர வேண்டும். மூக்குக்கு எங்கே இடம்? மூக்கை ஒரு மீட்டர் நீட்டினால் சரக்கில் ஒரு மீட்டர் போய்விடும். அதை எந்த லாரி முதலாளியும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் இதே நிலைதான். பல மாநிலங்கள் மொத்த நீளத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தவரை அங்கேயும் மூக்கில்லாத லாரிகள் நிறைய ஓடின. 1982-ல் வந்த மத்தியச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் டிரைலரின் நீளத்தை மட்டும் அளந்தால் போதும் என்று ஆக்கிவிட்டது. இழுவை வண்டி எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரக்கு குறையாது என்றானதும், அங்கே மூக்கில்லாத லாரிகள் படிப்படியாக மறைந்தன. ஒரு நாட்டு லாரியின் முகத்தை எந்த டிசைனரையும் விட அந்த நாட்டுச் சட்டம்தான் அதிகம் செதுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஐரோப்பாவில் மூக்கு வைத்த பெரிய லாரி செய்துகொண்டிருந்த ஸ்கானியா நிறுவனமும் அந்த வரிசையை 2005-ல் நிறுத்திவிட்டது.

மூக்கில்லாததற்கு விலையும் உண்டு. முன் ஆக்சிலின் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகுக்கு வரும். அதனால்தான் சீட்டு காற்றுப் பையில் நிற்கிறது, அந்தச் சீட்டு இருக்கும் கேபினும் தனியாக நான்கு மூலையில் காற்றுப் பைகளில் நிற்கிறது. இன்ஜினைத் தொட வேண்டுமென்றால் கேபின் முழுவதையும் முன்னால் கவிழ்க்க வேண்டும். கவிழ்ப்பதற்கு முன் தண்ணீர்ப் பாட்டில், தட்டுமுட்டுச் சாமான், மேல் அலமாரியில் இருப்பது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் முன்கண்ணாடி மேல் வந்து விழும். விபத்திலோ, டிரைவருக்கு முன்னால் நசுங்குவதற்கு என்று எதுவும் இல்லை. அதனாலேயே கேபினின் வலிமையைச் சோதிக்கத் தனி ஐ.நா. விதி இருக்கிறது, கனமான இரும்பு ஊசலை முகத்தில் மோதவிட்டுப் பார்ப்பார்கள்.

இந்த நெருக்கடி தெரிந்துதான், 2020 செப்டம்பர் முதல் காற்றைக் கிழிக்கவும் பார்வையைக் கூட்டவும் கேபினைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 2021-ல் டாஃப் நிறுவனம் முகத்தை 16 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிய லாரியைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு நிபந்தனை அப்படியே நிற்கிறது. எவ்வளவு நீட்டினாலும் அடுத்து வரப்போகும் வட்டத்துக்குள் லாரி திரும்பியாக வேண்டும்.

வட்டக் கணக்கு

ஒரு பெரிய காலி மைதானத்தில் 12.5 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்துகொள்ளுங்கள். அதே மையத்தில் 5.3 மீட்டர் ஆரத்தில் உள்ளே இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவில் உள்ள 7.2 மீட்டர் பட்டைக்குள், எந்தப் பாகமும் கோட்டைத் தாண்டாமல் லாரி முழுச் சுற்று வர வேண்டும். இதுதான் சட்டம் வைக்கும் தேர்வு.

இங்கே உடனே ஒரு கேள்வி வர வேண்டும். லாரியின் அகலம் 2.55 மீட்டர்தான். பிறகு ஏன் 7.2 மீட்டர்?

ஏனென்றால் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். காரிலும் இது நடக்கிறது, நீளம் குறைவு என்பதால் நாம் கவனிப்பதில்லை. டிரைலரில் அது பல மடங்காகிறது. ஒரு சராசரி ஐரோப்பிய லாரியை எடுத்துக்கொள்வோம்: இழுவை வண்டியின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 3.7 மீட்டர், கிங்பின்னிலிருந்து டிரைலரின் மூன்று ஆக்சில்களின் நடுப்புள்ளி வரை 7.7 மீட்டர். முகத்தின் வெளி மூலை 12.5 மீட்டர் வட்டத்தில் போகும்போது, இழுவை வண்டியின் பின் ஆக்சில் நடு சுமார் 10.1 மீட்டர் வட்டத்தில் போகும். டிரைலர் ஆக்சில்களின் நடுவோ 6.6 மீட்டர் வட்டத்தில் போகும். மூன்றரை மீட்டர் உள்ளே இழுத்துவிட்டது. டிரைலரின் உள் விளிம்பைப் பார்த்தால் 5.35 மீட்டர். சட்டத்தின் கோட்டுக்கும் அதற்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர்! ஐரோப்பிய டிரைலரின் சக்கரங்கள் ஏன் வாலின் நுனியில் இல்லாமல் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கின்றன என்பதற்கு விடை இதுதான். இன்னும் பின்னால் வைத்தால் இந்த வட்டத்தில் தோற்றுவிடும்.

அமெரிக்காவின் 53 அடி டிரைலரை நெடுஞ்சாலையில் ஓடும் நிலையிலேயே இங்கே கொண்டுவந்தால், கிங்பின்னுக்கும் சக்கரங்களுக்கும் இடையே சுமார் 12 மீட்டர். கிங்பின் போகும் வட்டமோ 10 மீட்டர் சொச்சம். கணக்குப்படி அந்த டிரைலரால் இந்த வட்டத்தைப் போடவே முடியாது. பின்சக்கரம் நடுவில் நின்று பின்னோக்கி உருளத் தொடங்கிவிடும்.

முழு வட்டம் என்பது கடைசி எல்லை. ஒரு தெருமுனைத் திருப்பத்தில் டிரைலர் அந்த அளவுக்கு உள்ளே வெட்டாது. வெட்டி முடிப்பதற்குள் திருப்பம் முடிந்துவிடும். என்றாலும், ஐரோப்பிய லாரி டிரைவரின் மனதில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்: இப்போது என் பின்சக்கரம் எந்த வழியில் வரும்? முகத்தைச் சின்னதாக்கியது முன்பக்கப் பிரச்சினையைத் தீர்த்தது. பின்பக்கத்தைத் தீர்க்க வேண்டியது டிரைவரின் கைதான்.

சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்

காரிலிருந்து மூக்கில்லாத லாரிக்கு மாறுகிறவர் முதலில் தடுமாறுவது ஒரே விஷயத்தில். காரில் முன்சக்கரம் நம் காலுக்கு முன்னால் இருக்கும். இந்த லாரியில் அது நம் சீட்டுக்குக் கீழே, சற்றுப் பின்னால். முகம் முன் ஆக்சிலைத் தாண்டி 1.4 மீட்டர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் திருப்பத்தில் நம் உடம்பு மூலையைத் தாண்டிய பிறகும் சக்கரம் இன்னும் மூலைக்கு வந்திருக்காது. புதியவர் கார் பழக்கத்தில் சீக்கிரமே ஒடித்துவிடுவார். விளைவு, முகம் அழகாகத் திரும்பும், டிரைலரின் சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறும்.

ஒரு திருப்பத்தை நிதானமாகப் பார்ப்போம். பிரான்சின் ஒரு சின்ன ஊர். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடு. தேவாலயத்தை ஒட்டி வலது பக்கம் தொண்ணூறு பாகையில் திரும்ப வேண்டும்; மூலையில் கல் கட்டடம். வலப்பக்கம் போகும் நாட்டில் வலது திருப்பம்தான் குறுகலானது. டிரைவர் வேகத்தை நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவருவார். சாலையின் நடுக்கோட்டை ஒட்டி, தேவைப்பட்டால் அதைத் தாண்டியும், இடப்பக்கம் இடம் எடுத்துக்கொள்வார். வலது இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு லாரி இடப்பக்கம் நகர்வது பின்னால் வரும் காருக்குக் குழப்பமாக இருக்கும். "வழி விடுகிறார்" என்று நினைத்து வலப்பக்க இடைவெளியில் புகுந்தால் ஆபத்து. கொஞ்ச நேரத்தில் டிரைலர் மூடப்போகும் இடம் அதுதான். அப்புறம், நேராகவே முன்னால் போவார். எதிர்த் தெருவின் சுவரை இடித்துவிடுவார் போலிருக்கும். தன் சீட்டு புதுத் தெருவின் நடுவைத் தாண்டிய பிறகுதான் ஸ்டீயரிங்கை முழுசாக வலப்பக்கம் ஒடிப்பார்.

இப்போது அவர் பார்வை முன்னால் இல்லை, வலது கண்ணாடியில் இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல். இழுவை வண்டி மடங்கியதும் நேர் கண்ணாடியில் டிரைலரின் முன்சுவர்தான் தெரியும், சக்கரம் தெரியாது. அதற்காகத்தான் கீழே அகலக் கோணக் கண்ணாடி ஒன்று. கதவுக்கு மேலே தரையை மட்டும் காட்டும் கண்ணாடி ஒன்று. முன்கண்ணாடியின் மேல் மூலையில், முகத்துக்கு அடியில் நிற்கும் ஆளைக் காட்ட இன்னொன்று. 2003-ல் வந்த ஐரோப்பிய விதி இவற்றை வகை வகையாகப் பிரித்துக் கட்டாயமாக்கியது. மெர்சிடிஸ் நிறுவனம் 2018-ல் கண்ணாடிக்குப் பதில் கேமரா வைத்த ஆக்ட்ரோஸ் லாரியைக் காட்டியது. வண்டி திரும்பும்போது படமும் கூடவே நகர்ந்து டிரைலரின் வாலைப் பின்தொடரும். என் கணக்கில் அண்மைக் காலத்தில் லாரிக்குள் வந்த மிகப் பயனுள்ள பொருட்களில் இது ஒன்று.

வலது மூலையைக் கவனித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இடப்பக்க வால் இன்னொரு வேலை செய்யும். டிரைலர் ஆக்சில்களின் நடுவிலிருந்து வால் நுனி வரை நாலு மீட்டருக்கு மேல் இருக்கிறது. முன்பக்கம் வலப்பக்கம் போகும்போது வால் கொஞ்சம் இடப்பக்கம் வீசும். மூலையை முழுசாகத் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் எதிர்ப்பக்க விளக்குக் கம்பத்தை உரசுவது இந்த வால்தான். கடைசி ஆக்சிலும் திரும்பும் வகை டிரைலர்கள் உண்டு. ஊருக்குள் சரக்கு இறக்க அவை அருமை. ஆனால் உள்பக்கம் வெட்டுவது குறையக் குறைய வால் வீச்சு கூடும்.

எதிரில் இன்னொரு லாரி

அகலம் 2.55 என்று சட்டம் சொன்னாலும் அதில் கண்ணாடிகள் சேர்த்தி இல்லை. இருபுறக் கண்ணாடியும் சேர்த்தால் மூன்று மீட்டரை நெருங்கிவிடும். ஐந்தரை மீட்டர் அகலமுள்ள கிராமச் சாலையில் இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் கணக்கு உதைக்கும். ஸ்காட்லாந்தில் லோமண்ட் ஏரியை ஒட்டி ஓடும் ஏ82 சாலை இதற்குப் பேர்போனது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தண்ணீர், நடுவில் வளைந்து வளைந்து போகும் குறுகல் சாலை. அதில் புல்பிட் ராக் என்ற இடத்தில் இரு திசை வண்டிகளும் ஒரே நேரத்தில் போக முடியாமல் பல ஆண்டுகள் சிக்னல் வைத்து மாற்றி மாற்றி விட்டார்கள். 2015-ல் தண்ணீருக்கு மேலே தூண் நிறுத்திச் சாலையை அகலப்படுத்திய பிறகுதான் அந்தச் சிக்னல் போனது. அதன் வடக்கே இன்னும் பல இடங்கள் அப்படியேதான் கிடக்கின்றன.

இப்படி எதிர்ப்படும்போது புதியவர் செய்யும் பெரிய தவறு, ஓரமாக ஒதுங்குவதுதான். மரியாதையாகத்தான் தோன்றும். ஆனால் தார் முடிந்த இடத்தில் மண் எப்படி இருக்கிறது என்று தெரியாது. மழைக்காலத்தில் புல் மூடிய ஓரத்தில் 40 டன் வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால், அது உள்ளே உள்ளே போகும், வண்டி சாயும். அனுபவசாலிகள் தார் விளிம்புக்கு உள்ளேயே நிற்பார்கள். கண்ணாடியை மடக்குவார்கள். அதுவும் போதாது என்றால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும்.

யார் போவது? 1968-ன் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. மலைச் சாலையில் இறங்கி வருகிறவர் ஓரம் கட்டி, ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். யாராவது ரிவர்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்றால், தனி வண்டிதான் டிரைலர் பூட்டிய வண்டிக்காகப் பின்னால் போக வேண்டும். இலகு வண்டி கன வண்டிக்காகவும், லாரி பஸ்ஸுக்காகவும் போக வேண்டும். இரண்டும் ஒரே வகை என்றால் இறங்கி வந்தவர் பின்னால் ஏற வேண்டும், ஏறுகிறவருக்கே அது எளிது என்று வெளிப்படையாகத் தெரிந்தால் தவிர. சுவிட்சர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. சில மலைச் சாலைகளில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருக்கும். அங்கே அஞ்சல் பஸ்ஸின் டிரைவர் சொல்கிறபடி மற்றவர்கள் வண்டியை நகர்த்த வேண்டும். கண் தெரியாத வளைவுக்கு முன் அந்தப் பஸ் மூன்று ஸ்வரத்தில் ஹாரன் அடிக்கும்.

எல்லா மலைச் சாலையும் எல்லா லாரிக்கும் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நார்வேயின் ட்ரோல்ஸ்டிகன் சாலையில் 11 கொண்டை ஊசி வளைவுகள்; அங்கே 12.4 மீட்டரைவிட நீளமான வண்டிக்கு அனுமதியே இல்லை. கார்களுக்குச் செய்த வழிகாட்டிச் செயலியை நம்பி லாரி ஓட்டக் கூடாது என்று பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான். அந்தச் செயலிக்கு உங்கள் வண்டியின் நீளமும் தெரியாது, உயரமும் தெரியாது.

உயரம் என்றால் பிரிட்டனைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே பழைய ரயில் பாலங்கள் சாலைக்கு மேலே குறுக்கே போகின்றன. 16 அடி 6 அங்குலத்துக்குக் கீழே இருக்கும் பாலத்தில் உயரம் எழுதியிருக்க வேண்டும். பாலம் வளைவாக இருந்தால் நடுவில்தான் அந்த உயரம். எங்கேயிருந்து எங்கே வரை அந்த உயரம் கிடைக்கும் என்று வளைவின் மேலேயே கோடு போட்டிருப்பார்கள். ஓரமாக ஒதுங்கிப் போனால் டிரைலரின் மேல்மூலை கல்லில் மாட்டும். மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டியில் அன்றைய உயரத்தை டிரைவர் கண்ணில் படும்படி எழுதி வைப்பது அங்கே சட்டம். காலி டிரைலரைக் கழற்றிவிட்டு வேறு டிரைலர் பூட்டும்போது அந்த எண்ணை மாற்ற மறந்தால் வைத்தும் பயனில்லை.

இறக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. சக்கர பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே மலை இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் பிரேக்கையும் ரிட்டார்டரையும் (சக்கர பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் கருவி) வேலை செய்ய விட வேண்டும்.

அளவு மீறிய சுமை

இதுவரை பார்த்தது சட்டத்துக்குள் அடங்கும் லாரி. மின்நிலைய டிரான்ஸ்ஃபார்மர், காற்றாலை இறக்கை, பாலத்தின் உத்தரம் போன்றவை எந்தச் சட்டத்துக்கும் அடங்காது, துண்டு போடவும் முடியாது. இவற்றுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. பிரான்சில் மூன்று வகை. 25 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 72 டன் எடை, இவற்றில் ஒன்றைத் தாண்டினாலும் மூன்றாம் வகை. பிரிட்டனில் 150 டன் வரை அளவு மீறிய சுமைகளுக்கான பொது விதிக்குள் வரும், அதற்கு மேல் தனி ஆணை வேண்டும்.

கனரகச் சுமையில் மொத்த எடையைவிட ஒரு ஆக்சில் எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் பேச்சு. சாலையும் பாலமும் அதைத்தான் உணர்கின்றன. கோல்டுஹோஃபர், ஷொயெர்லே போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் ஆக்சில் வரிசைகளைத் துண்டு துண்டாகச் செய்து தருகின்றன. தேவைக்கேற்ப ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளலாம். ஒரு உதாரணக் கணக்கு: 240 டன் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு வரிசைக்கு 12 டன் வரை அனுமதி, அதில் வரிசையின் சொந்த எடை 4 டன் என்று வைத்துக்கொண்டால் சரக்குக்கு மிஞ்சுவது 8 டன். ஆக 30 வரிசை வேண்டும். வரிசைக்கு ஒன்றரை மீட்டர் என்றால் சுமைமேடை மட்டுமே 45 மீட்டர். முன்பு பார்த்த வட்டக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள், எந்த ஊரின் மூலையிலும் திரும்பாது.

திருப்புவது எப்படி என்றால், எல்லாச் சக்கரங்களும் திரும்பும். முன் வரிசைகள் ஒரு பக்கம் திரும்பும்போது பின் வரிசைகள் எதிர்ப்பக்கம் திரும்பும். நடுவில் உள்ளவை அதற்கேற்ற கோணத்தில். சாதாரண ஓட்டத்தில் இழுவை வண்டியின் அசைவே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் குழாய் வழியாகச் சக்கரங்களைத் திருப்பும். மூலை வந்தால் ஒருவர் ரிமோட் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டிரைலரின் வாலோடு நடந்து வருவார். அந்த நேரத்தில் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். முன்னால் இருப்பவர் இழுக்கிறார், பின்னால் நடப்பவர் வால் எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறார். சாதாரண லாரி டிரைவர் கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்த பின்சக்கரத்தை இங்கே ஒரு மனிதர் கையிலேயே பிடித்திருக்கிறார். அதனால் இருவருக்கும் இடையே ரேடியோ ஒரு நொடி அறுந்தாலும் வண்டி நிற்க வேண்டும்.

ஹைட்ராலிக் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒவ்வொரு வரிசையும் அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் எண்ணெய் அழுத்தம் பகிரப்படுவதால் ஒன்றோடொன்று இணைத்த வரிசைகள் எல்லாம் ஒரே சுமையைத் தாங்கும். வரிசைகளை மூன்று அல்லது நான்கு குழுக்களாகப் பிரித்து இணைப்பார்கள். மூன்று குழு என்றால், மூன்று புள்ளிகள் சேர்ந்த முக்கோணத்துக்குள் சுமையின் எடை மையம் இருக்கும்வரை வண்டி கவிழாது. சாய்வான சாலையில் அந்த மையம் முக்கோணத்தின் விளிம்பை நோக்கி நகரும். அப்போது ஒரு பக்கத்தை உயர்த்திச் சுமையை மட்டமாக்கிக்கொள்வார்கள்.

இழுப்பதற்கு நான்கு ஆக்சில் இழுவை வண்டிகள். மெர்சிடிஸின் எஸ்.எல்.டி. வகை போன்றவை 250 டன் வரையான மொத்த எடைக்கு என்றே செய்யப்பட்டவை, அவையும் மூக்கில்லாதவைதான். ஏற்றத்தில் ஒன்று போதாவிட்டால் முன்னால் இரண்டு பூட்டுவார்கள், அல்லது பின்னால் ஒன்று நின்று தள்ளும்.

இந்த வேலையின் உச்சம் என்று நான் நினைப்பது ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பாகங்கள் பிரான்சின் துலூஸ் நகருக்குப் போன பாதை. ஐரோப்பாவின் பல இடங்களில் செய்த பாகங்கள் கப்பலில் பொய்யாக் துறைக்கு வந்தன. அங்கிருந்து கரோன் ஆற்றில் படகில் லாங்கோன் வரை. பிறகு சுமார் 240 கிலோமீட்டர் சாலை. விமானத்தின் உடல் மட்டும் 7.14 மீட்டர் அகலம். இதற்காகவே சாலைகளை அகலப்படுத்தினார்கள், சில ஊர்களுக்குப் புறவழி போட்டார்கள். லெவின்யாக் என்ற கிராமத்தில் ஊர் நடுவிலேயே போக வேண்டியிருந்தது. இரவில் சாலையை மூடிவிட்டு, வீட்டு ஜன்னல்களுக்குச் சில பத்து சென்டிமீட்டர் தள்ளி, ஆள் நடக்கும் வேகத்தில் அந்த ராட்சத உருளைகளை நகர்த்தினார்கள். ஊர் மக்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். 2004-ல் தொடங்கியது 2020-ல் முடிந்தது, அந்த விமானத்தின் உற்பத்தி நின்றதால்.

காற்றாலை இறக்கைக்கு வேறு உத்தி. இறக்கையின் அடிப்பாகத்தை மட்டும் வண்டியில் பூட்டி, மிச்சத்தை 60 பாகை வரை வானத்தை நோக்கித் தூக்கிவிடலாம். வளைவில் வீட்டுக் கூரைகளுக்கும் மரங்களுக்கும் மேலாக அது போய்விடும். தரையில் வண்டியின் நீளம் பெரிதும் குறைந்துவிடும். ஆனால் தூக்கி நிறுத்திய இறக்கை காற்றைப் பிடிக்கும் என்பதால் காற்று வீசினால் நிறுத்திவைக்க வேண்டும்.

பயணத்துக்கு முன் ஒரு குழு வழி முழுவதும் போய் அளந்து வரும். எந்த ரவுண்டானாவில் பலகையைக் கழற்ற வேண்டும், எந்த நடைபாதைக் கல் மேல் இரும்புத் தகடு போட வேண்டும், எந்த மின்கம்பி தாழ்வு என்று ஒவ்வொன்றையும் குறிப்பார்கள். சில நாடுகளில் ரவுண்டானாவின் நடுத் திட்டுக்குக் குறுக்கே நேர்ப் பாதை ஒன்றை முன்கூட்டியே போட்டு, கழற்றக்கூடிய கம்பங்களால் மூடி வைத்திருக்கிறார்கள்.

இன்று இந்தத் தொழிலைப் படுத்தும் பெரிய தொல்லை பழைய பாலங்கள். ஜெர்மனியில் லூடென்ஷைட் அருகே ஏ45 நெடுஞ்சாலையின் ராமெட பாலத்தை 2021 டிசம்பரில் மூடினார்கள். 2023 மே 7-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தினசரிப் போக்குவரத்து ஊருக்குள் புகுந்தது. கனரக வண்டிகளுக்கோ ஒரு பாலம் போனால் முழு வழியையும் புதிதாகத் தேட வேண்டும், ஒவ்வொரு பாலத்தின் தாங்குதிறனையும் மீண்டும் கணக்குப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அதனால்தான் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஆறும் கடலும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை முதலில் பார்க்கிறார்கள். பிரிட்டனில் இது அரசுக் கொள்கையே: மிகக் கனமான சுமையை முடிந்தவரை தண்ணீரில் கொண்டுவந்து, போக வேண்டிய இடத்துக்கு அருகிலுள்ள பொருத்தமான துறைமுகத்தில்தான் சாலைக்கு இறக்க வேண்டும்.